மல்யுத்த நட்சத்திரங்கள் ஏன் இளவயதிலேயே இறந்தார்கள்?

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்ற மல்யுத்த நிறுவனத்தின் டிரம்ப் கார்டு நினைவிருக்கும். ஒவ்வொரு சீட்டிலும் உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ் அளவு என்று எண்கள் இருக்கும். எண் பெரிதாக இருப்பவர் எதிராளியின் சீட்டைப் பிடுங்கிக்கொள்ளலாம். நாம் வியந்து பார்த்த அந்த உடம்புகளுக்குச் சொந்தக்காரர்கள் அடுத்த சில ஆண்டுகளில் வரிசையாகப் போய்ச் சேர்ந்தார்கள். பிரையன் பில்மன் 1997இல், வயது 35. ரிக் ரூட் 1999இல், வயது 40. பிரிட்டிஷ் புல்டாக் 2002இல், வயது 39. 'மிஸ்டர் பர்ஃபெக்ட்' கர்ட் ஹென்னிக் 2003இல், வயது 44. 2004ஆம் ஆண்டு 'யூஎஸ்ஏ டுடே' நாளிதழ் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளையும் காவல்துறை ஆவணங்களையும் திரட்டிப் பார்த்தபோது, 1997க்குப் பிறகு 45 வயதைத் தாண்டாத மல்யுத்த வீரர்களில் குறைந்தது 65 பேர் இறந்திருந்தது தெரிந்தது. அவர்களில் 25 பேரின் உயிரைக் குடித்தது மாரடைப்பு அல்லது வேறு இதயக் கோளாறு.

"எல்லாம் நடிப்புதானே, அப்புறம் எப்படிச் சாகிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவானதுதான். ஆனால் விழுவதை யாரும் நடிக்க முடியாது. இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, அதன்மேல் மெல்லிய பஞ்சுறை, மேலே கான்வாஸ் துணி: மேடை என்பது அவ்வளவுதான். முகவாயை நெஞ்சோடு ஒட்டி, கைகளை விரித்துத் தரையில் அறைந்து, மூச்சை வெளியே விட்டபடி முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழக் கற்றுக்கொடுப்பார்கள். இதை அவர்கள் 'பம்ப்' என்பார்கள். அடி ஒரே இடத்தில் இறங்காமல் பரவத்தான் இந்த வித்தை. பரவினாலும் அடி அடிதான். ஓர் இரவில் பலமுறை, அன்றெல்லாம் வருடத்தில் இருநூறு இரவுகளுக்கு மேல் என்றால் கழுத்தெலும்பும் முழங்காலும் என்ன ஆகியிருக்கும்?

மற்ற விளையாட்டுகளில் சீசன் முடிந்தால் ஓய்வு உண்டு. இங்கே சீசன் என்பதே கிடையாது. இன்று ஒரு ஊர், நாளை முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊர். காரைத் தாங்களே ஓட்டிப் போக வேண்டியிருந்தது, ஓட்டல் வாடகையும் பெரும்பாலும் சொந்தச் செலவாக இருந்தது. மேடை ஏறினால்தான் முழு வருமானம். அடிபட்டு மூன்று மாதம் படுத்தால் கதையில் அவர் இடத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார். அதனால் வலியோடு ஏறினார்கள். வலிக்கு ஓபியாய்டு மாத்திரை, இறுகிப்போன தசைக்கு 'சோமா' மாத்திரை, ஆட்டம் முடிந்து படபடப்பு அடங்கித் தூக்கம் வர மது. காலையில் எழுந்து கிளம்ப ஊக்க மருந்து. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. சேர்ந்தால்தான் ஆபத்து: ஓபியாய்டும் சோமாவும் மதுவும் மூன்றுமே மூச்சை மந்தமாக்குபவை. தூங்கப் போனவர் எழுந்திருக்காமல் போவது இப்படித்தான்.

இதற்கெல்லாம் அடியில் ஸ்டீராய்டு இருந்தது. பெரிய உடம்புக்குத்தான் பெரிய வாய்ப்பு என்பது எண்பதுகளில் எழுதப்படாத சட்டம். பென்சில்வேனியாவில் மல்யுத்தக் காட்சிகளுக்கு மாநில அரசின் ஆணையம் நியமித்திருந்த மருத்துவரான ஜார்ஜ் சஹோரியனே வீரர்களுக்கு ஸ்டீராய்டு விற்றார். 1991இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. 1994இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப் முதலாளி வின்ஸ் மெக்மஹன் மீது நடந்த ஸ்டீராய்டு வழக்கில், தான் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு எடுத்ததாக ஹல்க் ஹோகன் சாட்சி சொன்னார். மெக்மஹன் விடுதலையானார்.

ஸ்டீராய்டு கைத்தசையை மட்டும் தேடிப்போய் வளர்ப்பதில்லை. இதயமும் தசைதான். அதன் சுவர் தடித்துப்போகிறது. நல்ல கொழுப்பு குறைந்து கெட்ட கொழுப்பு ஏறுகிறது, ரத்தம் கெட்டிப்படுகிறது, அழுத்தம் கூடுகிறது. ரத்தக் குழாயில் படிந்த அடைப்பு ஸ்டீராய்டு ஊசியை நிறுத்திய அன்றே கரைந்துவிடாது.

எடி கெரேரோவின் மரணம் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். 1999 புத்தாண்டு நாளில் நடந்த கார் விபத்துக்குப் பிறகு அவர் வலி மாத்திரைக்கு அடிமையானார். 2001இல் மறுவாழ்வு மையம் போனார், குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டு வேலையும் போனது. அதிலிருந்து மீண்டு வந்து, 2004 பிப்ரவரியில் பிராக் லெஸ்னரை வீழ்த்தி சாம்பியன் ஆனார். குடியையும் மாத்திரையையும் விட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், 2005 நவம்பர் 13 காலை மினியாபொலிஸ் ஓட்டல் அறையில் அவரை நினைவில்லாமல் கண்டது அவருடைய அண்ணன் மகன் சாவோ. இதய ரத்தக் குழாய்கள் அடைத்துப்போயிருந்தன. வயது 38. திருந்தவில்லை என்று அவர்மேல் பழி போட ஒருவராலும் முடியாது.

அதன்பிறகுதான், 2006 பிப்ரவரியில், பெயர் மாறி டபிள்யூ.டபிள்யூ.ஈ ஆகியிருந்த நிறுவனம் போதைப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் கொண்ட திட்டத்தைத் தொடங்கியது. முன்பு நடத்திய ஸ்டீராய்டு சோதனையை 1996லேயே கைவிட்டிருந்தார்கள். புதிய திட்டம் வந்த மறு ஆண்டு, 2007 ஜூனில், எடியின் நெருங்கிய நண்பர் கிறிஸ் பென்வா மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தானும் உயிரை மாய்த்துக்கொண்டார். உடலில் டெஸ்டோஸ்டெரோன் அளவு மிக அதிகம். மூளையைச் சோதித்தவர்கள், திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் கடுமையான சிதைவைக் கண்டார்கள். அந்தக் கொடுமைக்கு எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. மருந்தையே ஒரே குற்றவாளி ஆக்கிவிட்டுத் தலையில் விழுந்த நாற்காலி அடிகளை மறப்பது தவறு என்பது மட்டும் என் கருத்து.

அன்றிலிருந்து மாற்றங்கள் வந்தன. நாற்காலியால் தலையில் அடிப்பது தடை செய்யப்பட்டது. முன்னாள் வீரர்களின் மறுவாழ்வுச் சிகிச்சைச் செலவை நிறுவனம் ஏற்கிறது. உடம்பு அவ்வளவு பெரிதில்லாதவர்களும் நட்சத்திரம் ஆகிறார்கள். மாறாதது ஒன்று: சட்டப்படி அவர்கள் ஊழியர்கள் அல்ல, ஒப்பந்தக்காரர்கள். மேடையில் அடிபட்டால் நிறுவனம் சிகிச்சை தரும், மருத்துவக் காப்பீட்டை அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும். வீரர்களுக்கென்று தொழிற்சங்கமும் இல்லை.