ஹேக்கின்டாஷ்ல யூஎஸ்பி போர்ட் செத்துப்போச்சா?

நாமளே அசெம்பிள் பண்ண பிசியில மேக்ஓஎஸ் போட்டாச்சு. மவுஸ் ஓடுது, ஆனா யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் மட்டும் தெரியல. உடனே புது போர்டு வாங்கிடாதீங்க. அதே போர்ட் விண்டோஸ்ல வேலை செஞ்சா ஹார்டுவேர் நல்லாத்தான் இருக்கு.

சிக்கல் கணக்குலதான். ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலருக்கு 15 போர்ட்தான் மேக்ஓஎஸ் ஏத்துக்கும். வெளியே ஒண்ணா தெரியுற யூஎஸ்பி 3 போர்ட், உள்ளே ரெண்டு: பழைய வேகத்துக்கு ஹெச்எஸ், புது வேகத்துக்கு எஸ்எஸ். பல இன்டெல் போர்டுகள்ல ஹெச்எஸ் மட்டுமே 14 வரும். வரிசையில பின்னாடி நிக்கிற எஸ்எஸ்க்கு இடமே கிடைக்காது.

ஓப்பன்கோர்ல இந்த வரம்பைத் தூக்குற செட்டிங் ஒண்ணு உண்டு. பிக் சர் 11.3லிருந்து அதை நம்ப முடியாது. அதனால மேப்பிங்தான் வழி.

விண்டோஸ்ல யூஎஸ்பிடூல்பாக்ஸை ஓட்டுங்க. ஒவ்வொரு போர்ட்லயும் ஒரு யூஎஸ்பி 2, ஒரு யூஎஸ்பி 3 பென் டிரைவ் செருகிப் பாருங்க. தேவையான 15ஐ மட்டும் வைங்க. கீபோர்டு போர்ட்டுக்கு எஸ்எஸ் வேண்டாம். உள்ளே இருக்கிற ப்ளூடூத்துக்கு டைப் 255 கொடுங்க. இல்லன்னா ஸ்லீப்ல தகராறு வரலாம்.

கிடைக்கிற கெக்ஸ்டை இஎஃப்ஐல சேர்த்து, கான்ஃபிக்ல பதிஞ்சு, ரீஸ்டார்ட் பண்ணுங்க. பழைய இஎஃப்ஐ ஃபோல்டரை முதல்ல பென் டிரைவ்ல காப்பி எடுத்துக்கோங்க, மறக்காதீங்க!