லேபிளை இயந்திரம் வரையலாம்; அடையாளம் யாருடையது?

கடைப் பலகை, மசாலா பாக்கெட்டின் லேபிள், மஞ்சள் பை, தீபாவளி நோட்டீஸ், ஆண்டுக் காலண்டர் என்று நமது வணிகத்தில் ஓவியருக்கும் டிசைனருக்கும் எப்போதும் ஒரு பங்கு உண்டு. பெயிண்டர் கையால் எழுதிய போர்டுகளின் இடத்தைப் பின்னாளில் ஃபிளெக்ஸ் பிடித்தது. இப்போது அந்த ஃபிளெக்ஸுக்கு டிசைன் செய்து தருபவரின் வேலையையே செயற்கை நுண்ணறிவு செய்யத் தொடங்கியிருக்கிறது. மல்லித்தூள் பாக்கெட்டுக்கு ஒரு லேபிள் வேண்டும் என்று கைபேசியில் எழுதினால் போதும், சிறிது நேரத்தில் படம் வந்துவிடுகிறது. செலவும் இல்லை, அல்லது மிகக் குறைவு.

இது நமக்கு லாபமா, நட்டமா? வரவையும் பற்றையும் தனித்தனியே எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

இயந்திரம் எப்படி வரைகிறது?

மனிதர்கள் முன்பு வரைந்த, எடுத்த படங்களை அவற்றுக்கான விளக்கங்களோடு சேர்த்து இந்த இயந்திரத்துக்குப் புகட்டுகிறார்கள். 2022-ல் வெளியான அத்தகைய ஒரு தொகுப்பில் மட்டும் சுமார் 585 கோடிப் படங்களின் விவரங்கள் இருந்தன. எந்தச் சொல்லோடு எந்த வடிவமும் நிறமும் பெரும்பாலும் சேர்ந்து வருகின்றன என்பதை இயந்திரம் அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்கிறது. நாம் கேட்கும்போது அந்தக் கணக்கின்படி புதிய படம் ஒன்றை உருவாக்குகிறது.

ஆகவே மசாலா என்று மட்டும் கேட்டால், எல்லோருக்கும் பழகிப்போன சிவப்பு மிளகாயும் மண் கிண்ணமும் வருவதில் வியப்பில்லை. நம் ஊர், நம் கடை, நம் சரக்கின் தனிச் சிறப்பு ஆகியவற்றை நாம் சொன்னால் ஒழிய அது அறியாது.

எல்லாம் ஒரே சாயல்

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2024-ல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ என்ற இதழில் வெளிவந்தது. 293 பேரை மிகச் சிறிய கதைகள் எழுதச் சொன்னார்கள். சிலர் தாமாகவே எழுதினர்; மற்றவர்கள் செயற்கை நுண்ணறிவிடம் யோசனை பெற்றுக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 600 பேர் அந்தக் கதைகளை மதிப்பிட்டனர். யோசனை பெற வாய்ப்பு இருந்தவர்களின் கதைகள் கூடுதல் மதிப்பெண் பெற்றன. கற்பனை வளம் குறைந்தவர்களே அதிகம் பயன் அடைந்தார்கள். ஆனால் எல்லாக் கதைகளையும் அடுக்கிப் பார்த்தபோது, இயந்திரத்தின் யோசனையோடு எழுதியவை ஒன்றையொன்று அதிகம் ஒத்திருந்தன.

தனி ஆளுக்கு லாபம், மொத்தத்தில் பன்மைக்கு நட்டம் என்பதே அந்த ஆய்வு காட்டும் கணக்கு. கதை எழுதுபவரைவிட வணிகருக்கு இது முக்கியமானது. ஒரே தெருவில் மூன்று பேர் ஒரே இயந்திரத்திடம் மிளகாய்த்தூள் லேபிள் வாங்கினால் மூன்றும் அண்ணன் தம்பி போல இருக்கும். வாடிக்கையாளர் பெயரைப் படிப்பதற்கு முன்பே பாக்கெட்டைப் பார்த்து எடுக்கிறவர். அவர் கை மாறி எடுத்தால் நட்டம் யாருக்கு?

நம் அலமாரியிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. புள்ளி போட்ட கவுன் அணிந்த அமுல் சிறுமி. 1966-ல் விளம்பர நிபுணர் சில்வெஸ்டர் டகுன்யாவும் ஓவியர் யூஸ்டேஸ் ஃபெர்னாண்டஸும் உருவாக்கியது. அன்றன்று நாட்டில் நடப்பதைப் பார்த்து அந்தச் சிறுமியின் வாயால் ஒரு வேடிக்கைப் பேச்சைச் சொல்லவைத்தார்கள். அதுபோல ஒரு சிறுமியை இன்று இயந்திரமும் வரைந்து தரும். இன்று எதைப் பற்றிச் சொன்னால் மக்கள் சிரிப்பார்கள் என்பது மக்களோடு பழகியவர்க்குத் தெரிந்த சங்கதி.

உரிமை யாருக்கு?

நமது பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினுடையது. கணினி உருவாக்கும் படைப்புக்கு, அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர் என்ற விதி 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. இன்றைய கருவிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல அது. 2020-ல் ‘சூர்யாஸ்த்’ என்ற படத்துக்கு, செயற்கை நுண்ணறிவை இணை ஆசிரியராகக் காட்டிப் பதிவு கிடைத்தது; மறு ஆண்டே அதைத் திரும்பப் பெறுவதாகப் பதிப்புரிமை அலுவலகம் நோட்டீஸ் அனுப்பியது. அதே படத்தை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023-ல் பதிய மறுத்தது. எனவே, இயந்திரம் வரைந்த லேபிளைப் பக்கத்து ஊர்க்காரர் அப்படியே அச்சடித்தால், இது என் படைப்பு என்று வழக்காடுவது எளிதாக இராது.

வணிகச் சின்னத்தின் சட்டம் வேறு. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டம், சின்னத்தை வரைந்தது யார் என்று கேட்பதில்லை. அது பிறர் சரக்கிலிருந்து நம் சரக்கைப் பிரித்துக் காட்டுகிறதா, முன்பே பதிவான சின்னத்தை ஒத்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. எல்லோருக்கும் கிடைக்கும் பொதுப் படம் இந்த இடத்தில்தான் தடுமாறும்.

பிறர் முகமும் குரலும்

நடிகரின் முகத்தை இயந்திரத்தால் வரைந்து நோட்டீஸில் போடுவதும், பாடகரின் குரலைப் போலச் செய்து விளம்பரம் ஒலிபரப்புவதும் ஆபத்தானவை. நடிகர் அனில் கபூர் 2023-ல் தில்லி உயர் நீதிமன்றத்திலும், பாடகர் அரிஜித் சிங் 2024-ல் மும்பை உயர் நீதிமன்றத்திலும் இத்தகைய பயன்பாட்டுக்கு எதிராக இடைக்காலத் தடை பெற்றார்கள்.

நேர்மையான வழியும் இருக்கிறது. ‘லால் சலாம்’ படத்தின் பாடல் ஒன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் பயன்படுத்திய இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரகுமான், அவர்களுடைய குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக 2024-ல் அறிவித்தார்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஒரு நாள் நோட்டீஸ், வாட்ஸ்அப் வாழ்த்து, சலுகை அறிவிப்பு போன்றவற்றுக்கு இயந்திரத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பல ஆண்டு நிலைக்க வேண்டிய சின்னத்தையும் லேபிளையும் ஓவியரிடம் செய்து வாங்குவதே நல்லது. மாதிரி காட்ட இயந்திரப் படம் உதவும்.

2. கூலி கொடுத்துவிட்டதாலேயே எல்லா வகைப் படைப்பின் உரிமையும் நமக்கு வந்துவிடாது. எழுத்து மூலம் மாற்றி வாங்க வேண்டும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும்.

3. சின்னத்தைப் பதிவு செய்யுங்கள். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

4. இயந்திரம் எழுதித் தரும் வாசகத்தை எழுத்தெண்ணிப் படியுங்கள். தமிழ் எழுத்து பிழையாக இருக்கலாம். ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும்’ என்பது போன்ற வாசகத்தை உணவுப் பொருளில் அச்சிட்டால், 2018-ஆம் ஆண்டின் உணவு விளம்பர விதிகளின்படி பதில் சொல்ல வேண்டியவர் வணிகரே.

இறுதியாக ஒன்று. விலை ஐந்து காசு குறைகிறது என்பதற்காகப் பெரிய கடைக்கு ஓடாதீர்கள், உங்களைப் பெயர் சொல்லி அறிந்த கடைக்கு வாருங்கள் என்று வாடிக்கையாளரிடம் நாம் கேட்கிறோம். நம் ஊர் ஓவியரும் டிசைனரும் நம்மிடம் கேட்பதும் அதையேதான். அவர்கள் தொழிலை விட்டுப் போய்விட்டால், நமது சரக்குக்கு ஒரு தனி முகம் தேவைப்படும்போது யாரிடம் போவோம்? வருகிற பண்டிகைக்கு அச்சு வேலை கொடுக்கும்போது உறுப்பினர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.