உங்களுக்குத் தெரியுமா? பழைய மதர்போர்டிலும் புது பிராசஸர்!

2016-இல் ஏஎம்டி கொண்டுவந்த ஏஎம்4 சாக்கெட்டில், 2022-இல் வெளியான ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸரும் பொருந்தும். 2018-இன் பி450 போர்டு கையில் இருந்தால், தயாரிப்பாளரின் பிராசஸர் பட்டியலைப் பார்த்து பயாஸை அப்டேட் செய்யுங்கள். புது போர்டுச் செலவு மிச்சம். பழைய பிராசஸரைக் கழற்றும் முன்பே அப்டேட்டை முடித்துவிட வேண்டும்.

இன்டெலில் கதை வேறு. 6-ஆம் தலைமுறைக்கும் 8-ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் எல்ஜிஏ 1151தான். ஆனால் இசட்170 போர்டில் 8-ஆம் தலைமுறை சிப்புக்கு ஆதரவு இல்லை.

டெஸ்க்டாப் ராமில் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள்தான். நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது நுழையாது. ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட் போர்டுகள் டிடிஆர்5-ஐ மட்டுமே ஏற்கும்; அதனால் ஏஎம்5 போர்டு வாங்கினால் டிடிஆர்5 ராம் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.