வானத்தில் சந்தை இரைச்சல்!

14 பேர் மாண்டனர். இயந்திரம் கெடவில்லை, இறக்கை முறியவில்லை, புயல் இல்லை, பூகம்பம் இல்லை. ஒரு சொல் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. அவ்வளவுதான், தோழர்களே!

1996 நவம்பர் 19. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய குவின்சி என்ற ஊர். அங்கே ஒரு சிறு விமானத் தளம். மீனம்பாக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கக்கூடாது. கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ‘நீ நில், அவன் போகட்டும்’ என்று சொல்ல ஓர் அதிகாரி கிடையாது. ஏறுபவரும் இறங்குபவரும் வானொலிக் கருவியை ஒரே அலைவரிசையில் திருப்பி வைத்துக்கொண்டு, ‘இதோ வருகிறேன், இதோ போகிறேன்’ என்று தாமே அறிவித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டு ஒதுங்க வேண்டும்.

மாலை 5 மணி. யுனைட்டெட் எக்ஸ்பிரஸ் விமானம், பயணிகள் 10 பேர், விமானிகள் 2 பேர், இறங்க வருகிறது. அது இறங்கும் ஓடுபாதையைக் குறுக்கே வெட்டுகிறது இன்னொரு ஓடுபாதை. அங்கே கிங் ஏர் என்ற சிறு விமானம் இருவருடன் நிற்கிறது. அதன் பின்னால் செரோக்கி என்ற, அதனினும் சிறிய விமானம் தன் முறைக்குக் காத்திருக்கிறது.

இறங்க வருபவர் கேட்கிறார்: ஓடுபாதையில் நிற்பவரே, நிற்கப் போகிறீரா, கிளம்பப் போகிறீரா? நல்ல கேள்வி! கேட்க வேண்டிய கேள்வி! பதிலும் வருகிறது, நிற்பதாக. பதில் தந்தவர் யார்? கேட்கப்பட்டவர் அல்லர், பின்னால் நின்ற செரோக்கிக்காரர்! அவர் பேசி முடிப்பதற்குள், இறங்க வந்த விமானத்தினுள்ளே, தரை நெருங்குவதை அறிவிக்கும் கருவி குரல் கொடுத்தது. பதிலின் ஒரு பகுதி அந்தக் குரலில் மூழ்கியது. முன்னால் நிற்பவர்தான் பதில் சொன்னார் என்று நம்பி, நன்றி கூறி இறங்கினார்கள். கிங் ஏரோ கிளம்பப் போவதாக ஒரு வார்த்தை அறிவிக்காமலே கிளம்பிவிட்டது. இரு பாதைகளும் சந்திக்கும் இடத்தில் இரு விமானங்களும் சந்தித்தன!

மோதியதால் சாகவில்லை அந்தப் பயணிகள். நெஞ்சைப் பிசைவது அதுதான். மோதலுக்குப் பின்னும் உயிரோடு இருந்தார்கள். கதவு திறக்கவில்லை. ஓடிவந்து வெளியிலிருந்து இழுத்தார்கள், அசையவில்லை. தளத்தில் தீயணைப்புப் படை இல்லை. நகரிலிருந்து வண்டி வருவதற்குள் புகையும் நெருப்பும் வேலையை முடித்துவிட்டன.

‘எல்லாம் விதி’ என்பார் வைதிகர். ஆம், விதிதான்! தலையில் எழுதிய விதியல்ல, தளத்துக்கு எழுதாத விதி! அமெரிக்க அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தது. கிங் ஏர் விமானிகள் அலைவரிசையைக் கவனிக்கவில்லை, கண்ணாலும் பார்க்கவில்லை, முதற்குற்றம் அவர்களுடையது என்றது. குறுக்கீடு பட்டுத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட அந்தப் பதிலும் ஒரு காரணம் என்றது. தீயணைப்பு வசதி இல்லாததையும் சுட்டிக் காட்டியது. சோதிடரை அழைக்கவில்லை, தோழர்களே, ஒலிப்பதிவுக் கருவியை அழைத்தார்கள்!

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று அந்த இடத்தில் நெரிசல் என்று சொல்லத்தக்க கூட்டம் இல்லை. மூன்றே விமானங்கள். மூவர் பேசிய இடத்திலேயே இந்த முடிவு என்றால், முப்பது பேர் பேசும் இடத்தில்?

முப்பது பேர் பேசத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமானத் தளங்கள் ஏறத்தாழ 5,000. கோபுரம் உள்ளவை 500-ஐ ஒட்டித்தான். மற்ற ஆயிரக்கணக்கான தளங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கையளவு அலைவரிசைகளைப் பங்கிட்டுத் தந்திருக்கிறார்கள். 122.8 மெகாஹெர்ட்ஸ் ஒன்று, 122.7 ஒன்று, 123.0 ஒன்று, இப்படிச் சில. ரேஷன் கடையில் கூட இவ்வளவு இறுக்கிப் பிடிக்கமாட்டார்கள்!

தளங்கள் தள்ளித்தானே இருக்கின்றன, இந்த ஊர்க் குரல் அந்த ஊருக்கு எப்படிப் போகும் என்று கேட்கலாம். தரையில் நின்று பேசினால் போகாது. இந்த அலை பார்வை எட்டும் தூரம் வரை நேராகப் பாயும். பேசுகிறவர் 1,000 அடி உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர், 3,000 அடியில் 120 கிலோமீட்டர். ஏற ஏறக் குரல் விரியும். வேலூர்க்காரர் சொல்வது சென்னைக்காரர் காதில் விழும் தூரம்! வெயில் தெளிந்த சனிக்கிழமை, பறப்பதில் ஆர்வமுள்ளோர் எல்லாம் கிளம்பிவிட்டால், ஏழெட்டுத் தளங்களின் குரல் ஒரே காதில். அதனால்தான் ஒவ்வொருவரும் அறிவிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் தம் தளத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ‘வலப்புறம் திரும்புகிறேன்’ என்றால் எந்த ஊரில்?

இருவர் ஒரே வேளையில் பொத்தானை அழுத்தினால் இருவர் பேச்சும் கேட்காது, ஓர் ஊதல் சத்தம்தான் கேட்கும். அந்த ஊதலின் விலையை உலகம் ஒருமுறை கொடுத்திருக்கிறது. 1977 மார்ச் 27, கானரித் தீவுகளில் லாஸ் ரோடியோஸ் என்ற சிறு தளம். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், தாங்க முடியாத அளவு பெரிய விமானங்கள் அங்கே வந்து குவிந்தன. மூடுபனி வேறு. ‘பொறு, நான் அழைக்கிறேன்’ என்று கோபுரம் சொன்னதும், ‘நாங்கள் இன்னும் பாதையில்தான் இருக்கிறோம்’ என்று பான் அமெரிக்கன் விமானம் சொன்னதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. புறப்பட்டுக்கொண்டிருந்த கே.எல்.எம். விமானத்துக்குக் கேட்டது கீச்சிடும் ஒலி. 583 பிணங்கள்! அந்த அறையில், பாதை காலிதானா என்று ஐயப்பட்டுக் கேட்டவர் ஒருவர் உண்டு, விமானப் பொறியாளர். தலைமை விமானி காலிதான் என்றார். பெரியவர் சொன்னபின் சிறியவர் வாய் திறப்பதா? அந்த நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல.

சரி, நெரிசலைக் குறைப்பது எப்படி? காசில்லாத வழி முதலில். நாவைக் கட்டுவது! விமானிகளிடையே ஒரு வழக்கம் இருக்கிறது: இந்த வட்டாரத்தில் இருப்போர் எல்லாரும் தெரிவியுங்கள் என்று அலைவரிசையில் ஒரு குரல் கொடுப்பது. ஒருவர் கேட்டால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள், ஒன்றும் விளங்காது. எந்தச் சூழலிலும் அப்படிச் சொல்லாதீர் என்று அமெரிக்க விமானத் துறையின் கையேடே கூறுகிறது. அரட்டைக்கென்று 122.75 என்ற தனி அலைவரிசையே விமானிகளுக்கு உண்டு. அதை விட்டுவிட்டு, இறங்குகிறவன் உயிருக்குக் காது தீட்டியிருக்கும் இடத்தில் மதியச் சாப்பாடு பற்றிப் பேசுவானேன்?

அடுத்தது, அண்டைத் தளங்களுக்கு வெவ்வேறு அலைவரிசை தருவது. தரலாம், ஆனால் இருக்க வேண்டுமே! குரல் பேச்சுக்கு என்று ஒதுக்கியது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள ஒரு துண்டு. அதில் ஒவ்வொரு வரிசைக்கும் 25 கிலோஹெர்ட்ஸ் அகலம் என்றால் 760 வரிசைகள். ஒரு காலத்தில் அகலம் 200 ஆக இருந்தது. பிறகு 100, பிறகு 50, 1970-களில் 25. வயலை வெட்டி வெட்டிப் பங்கு பிரித்த கதைதான். ஐரோப்பா அதையும் மூன்றாக வெட்டியது: 8.33 கிலோஹெர்ட்ஸ்! 760 இப்போது 2,280. 1999-இல் உயர்வானில் செல்லும் பெரிய விமானங்களுக்குத் தொடங்கியது, 2012-இல் வந்த ஆணையின்படி, சில விலக்குகளோடு, 2018 முதல் கீழ்வானில் பறக்கும் சிறு விமானங்களுக்கும் வந்தது.

அறிவுள்ள ஏற்பாடு, மறுக்கவில்லை நாம். ஆனால் பழைய கருவி புதிய வரிசையில் பேசாது. மாற்ற வேண்டும். யார் செலவில்? நெரிசலின் பெரும்பங்கு பெரிய நிறுவனங்களின் பெரிய விமானங்களால். கருவியை மாற்றும் கட்டளையோ, நாலு பேர் சேர்ந்து பழைய விமானம் ஒன்றை வாங்கி வாரம் ஒருமுறை பறக்கும் கிராமத்துச் சங்கத்துக்கும் சேர்த்து! வான்வெளி பொதுச் சொத்து என்றால், அதைச் சீர்படுத்தும் செலவும் பொதுச் செலவாக இருக்க வேண்டும் என்பது நம் கட்சி. பிரிட்டனில் ஐரோப்பிய நிதியிலிருந்து, கருவி விலையில் 20 சதவீதம் வரை திருப்பித் தந்தார்கள். மீதி 80, பறப்பவன் பையிலிருந்து.