கைமேல் ஒரு துண்டு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு பிள்ளையை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிடுவது தமிழ்நாட்டு வீடுகளில் வெகுகாலம் வழக்கமாக இருந்தது. முதல் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். இடக்கைக்கு ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப்; வலக்கைக்கு செமிகோலன், எல், கே, ஜே, ஹெச், ஜே. தாள் நிறையும்வரை அதையே அடிக்க வேண்டும். பிறகு லோயர் தேர்வு; ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 30 சொல். ஹையருக்கு 45.

இப்போது எட்டு வயதுப் பிள்ளையின் முன்னாலேயே மடிக்கணினி இருக்கிறது. இரண்டு ஆள்காட்டி விரல்களால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துகிறது. நாளாக ஆக இந்தக் குத்தலிலும் ஓரளவு வேகம் வந்துவிடும். அதன்பிறகு பத்து விரலுக்கு மாறச் சொன்னால் பிள்ளை முரண்டு பிடிக்கும்.

பார்க்காமல் அடிப்பதால் என்ன லாபம் என்பதை 1888 ஜூலையில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நடந்த போட்டி ஊரறியக் காட்டியது. விசைகளின் இடத்தை மனப்பாடமாக வைத்திருந்த ஃபிராங்க் மெக்கரின் அதில் வென்றார். தாளுக்கும் விசைக்குமாகக் கண் அலையும் நேரம் அவருக்கு மிச்சமாயிற்று.

வீட்டுப் பயிற்சிக்கு அதிகம் தேவையில்லை. எஃப், ஜே விசைகளில் சிறு மேடு இருக்கும். கண்ணை மூடி ஆள்காட்டி விரல்களால் அதைத் தடவிக் கண்டுபிடிப்பதே முதல் விளையாட்டு. அடுத்து, கைமேல் ஒரு மெல்லிய துண்டைப் போர்த்திவிடலாம். பிள்ளையின் கால் தொங்கினால் கீழே ஒரு மணை. விசைப்பலகை உயரமாக இருந்தால் நாற்காலியில் ஒரு தலையணை. தினமும் கால் மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் சலிப்புதான் மிஞ்சும்.

வேகத்தைப் பற்றி முதல் மாதம் பேச்சே எடுக்கக் கூடாது. தட்டச்சுப் பொறியில் தவறு தாளிலேயே நின்று காட்டிக்கொடுத்தது. கணினியில் அழித்துவிட்டால் தடயமே இல்லை. எனவே சில வரிகளை அழிக்காமல் அடிக்கச் சொல்லி, பிழைகளைப் பிள்ளையையே எண்ணவிடலாம். சலித்துப்போனால் 'டக்ஸ் டைப்பிங்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மேலிருந்து விழும் மீன்களில் உள்ள எழுத்தை அடித்தால் பென்குயின் அதைக் கவ்வித் தின்னும்.

ஆங்கிலம் கொஞ்சம் பழகியதும் தமிழ். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம்; மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். முதல் சொல்லாக 'அம்மா'வை எடுத்துக்கொள்ளலாம்: இடச் சுண்டுவிரலால் அ, வலக்கை நடுவிரலால் ம இரண்டு தடவை, மறுபடி இடச் சுண்டுவிரல் ஒரு வரிசை மேலே ஏறி ஆ. மொத்தம் நான்கே தட்டு.