செல்ப் மோட்டாரை மாற்றுமுன்...

மும்பை தாராவி 90 அடி சாலை. அதிகாலை 5 மணி. விமான நிலையச் சவாரிக்குக் கிளம்பிய தமிழ் டாக்சி டிரைவர் ஒருவர் சாவியைத் திருப்பினார். "டக்" என்று ஒரே சத்தம். என்ஜின் அசையவில்லை.

சவாரி கை நழுவிப் போயிற்று. "செல்ப் மோட்டார் போச்சு, புதுசுதான் போடணும்" என்றார், வந்து பார்த்த ஒருவர். டிரைவருக்கு அது ஒரு வாரச் சம்பாத்தியம்.

திருநெல்வேலிக்காரரான முதிய மெக்கானிக் ஒருவர் தடுத்தார். "தம்பி, அவசரப்படாதீங்க. முதல்ல ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்புங்க" என்றார்.

விளக்கு சொல்லும் சேதி

சாவியைத் திருப்பும்போது விளக்கு மிகவும் மங்கினால், பெரும்பாலும் பாட்டரியில் சார்ஜ் இல்லை; அல்லது டெர்மினலில் பூப்புப் பிடித்திருக்கிறது. சிறிய காரின் செல்ப் கூட 100 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். டெர்மினலோ எர்த் ஒயரோ சற்று லூசானாலும் அவ்வளவு மின்சாரம் போய்ச் சேராது.

நல்ல பாட்டரி சும்மா இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜினைச் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது.

"டக் டக் டக்" என்று விடாமல் அடித்தால் பாட்டரியைப் பார்க்க வேண்டும். என்ஜின் அசையாமல் மோட்டார் மட்டும் "கிர்ர்" என்று சுற்றினால் பினியன் பழுது. பல் கடிப்பது போல் கரகரத்தால், பினியனிலோ ரிங் கியரிலோ பல் தேய்ந்திருக்கும்.

இந்த டாக்சியில் விளக்கு மங்கவே இல்லை. சாலிநாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் முனையில் மீட்டரை வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார் மெக்கானிக். 12 வோல்ட்!

"மின்சாரம் வாசல் வரைக்கும் வந்துடுச்சு. வீட்டுக்குள்ளதான் கோளாறு" என்றார்.

மரக்கைப்பிடியால் மோட்டாரை லேசாகத் தட்டினார். என்ஜின் உறுமியது! தேய்ந்த கார்பன் பிரஷ், தட்டியதும் சற்று ஒட்டிக்கொண்டது. இது முதலுதவிதான், வைத்தியம் அல்ல.

கழற்றும்போது கவனம்

கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். முதலில் கழற்ற வேண்டியது பாட்டரியின் நெகட்டிவ் ஒயர். ஏனென்றால், செல்புக்குப் போகும் தடித்த ஒயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். வண்டிக்கு அடியில் போக வேண்டுமானால், ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும்.

சாலிநாய்டு முனைகளை ஸ்குரூடிரைவரால் இணைத்து ஸ்டார்ட் செய்வது சிலர் வழக்கம். வண்டி கியரில் இருந்தால் ஆள்மேலேயே பாய்ந்துவிடும்.

பெரும்பாலும் இரண்டு, மூன்று போல்ட்டுகள்தான். மோட்டார் கனமானது, கையால் தாங்கிக்கொண்டே கழற்ற வேண்டும். பிரஷ்ஷும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம். ஆர்மேச்சர் கருகியிருந்தால்தான் புது மோட்டார். வாங்கும்போது பினியன் பற்களின் எண்ணிக்கையும் போல்ட் துளைகளும் பழையதற்குச் சரியாக இருக்க வேண்டும். திரும்பப் பூட்டியபின் நெகட்டிவ் ஒயரைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் சென்னை பாடியில் செல்ப் மோட்டார் தயாரிக்கிறது. அந்த வகையில் நம் ஊருக்கும் இந்த மோட்டாருக்கும் உறவு உண்டு.

தாராவி டிரைவருக்குப் பிரஷ்ஷும் புஷ்ஷும் மட்டுமே செலவு. மாலைச் சவாரிக்கு டாக்சி கிளம்பிவிட்டது.

வண்டி "டக்" என்றால் உடனே பர்சை எடுக்காதீர்கள். முதலில் ஹெட்லைட்டைப் போடுங்கள்!