வாருங்கள் என்று அழைத்த விதம்

1949ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி, பிரதமர் நேரு அரசியல் நிர்ணய சபையில் அந்நிய முதலீடு பற்றி ஓர் அறிக்கை அளித்தார். விடுதலை பெற்று இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. வணிகம் செய்ய வந்தவர்கள் ஆட்சியைப் பிடித்த வரலாறு எல்லார் நினைவிலும் இருந்தது. அப்படியிருந்தும் அந்த அறிக்கை கதவைச் சாத்தவில்லை. வெளிநாட்டு நிறுவனங்களையும் உள்நாட்டு நிறுவனங்களையும் வேறுபாடு பார்க்காமல் நடத்துவோம், லாபத்தை எடுத்துச் செல்லலாம், அரசே ஒரு தொழிலை எடுத்துக்கொண்டால் நியாயமான இழப்பீடு உண்டு என்றது. கூடவே இரண்டு நிபந்தனைகள். பெரும்பான்மைப் பங்கும் நிர்வாகப் பிடியும் பொதுவாக இந்தியர் கையில் இருக்க வேண்டும். தொழில்நுட்பப் பணிகளுக்கு வெளிநாட்டினரை வைத்துக்கொள்ளலாம்; ஆனால் இந்தியர்களைப் பழக்கி அந்த இடங்களுக்குக் கொண்டுவர வேண்டும்.

2024 ஜனவரியில் சென்னையில் உலக முதலீட்டாளர் மாநாடு நடந்தது. இரண்டே நாளில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள். தொழிற்பேட்டையில் நிலம், தடையற்ற மின்சாரம், வரிச் சலுகை, முத்திரைத்தாள் கட்டண விலக்கு, தொழிலாளர் பயிற்சிக்கு மானியம் என்று நீள்கிறது இன்றைய அழைப்பிதழ். 1949இல் வருபவருக்கு நாடு நிபந்தனை வைத்தது. இப்போது வருபவரின் தேவை என்னவென்று மாநிலங்கள் போட்டி போட்டுக்கொண்டு கேட்கின்றன. ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் முப்பது ஆண்டுகளுக்கு முன் பார்த்தவர்கள், இந்த மாற்றத்தால் வந்த நன்மையை மறுக்க மாட்டார்கள்.

நேருவின் அறிக்கை வெளிவந்த அதே ஆண்டில், சூரிக்கை அடுத்த ஷ்லீரனில் இருந்த சுவிஸ் நிறுவனம் ஒன்றோடு இந்திய ரயில்வே ஒப்பந்தம் செய்துகொண்டது. மோதினால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடாத முழு எஃகுப் பெட்டிகளைச் செய்யும் முறையை அவர்கள் கற்றுத்தர வேண்டும் என்பதே அதன் சாரம். 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. எஃகுத் தகட்டை வளைப்பதும், பற்றவைப்பதும், கூட்டைத் தூக்கி நிறுத்துவதும் வடசென்னைக்காரர்களின் கைவேலையாயின. அந்தத் தொழிற்சாலைதான் 2018இல் 'டிரெயின் 18' என்ற ரயிலைத் தானே வடிவமைத்து வெளியே கொண்டுவந்தது. இன்று நாம் வந்தே பாரத் என்று ஏறி உட்காருவது அதன் வழிவந்த வண்டியில்தான். கற்றுக்கொடுத்தவர் போனபின் கற்றது நம்மிடமே தங்கியதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எல்லாக் கதையும் பெரம்பூர்க் கதை அல்ல. 1951ஆம் ஆண்டின் தொழில் சட்டப்படி ஆலை தொடங்க உரிமம் வேண்டியிருந்தது. விரிவாக்கவும் உரிமம். இயந்திரம் இறக்குமதி செய்ய வேறோர் அலுவலகம். அந்த இயந்திரம் உள்நாட்டிலேயே கிடைக்குமா என்று பார்த்துச் சொல்ல இன்னோர் இயக்ககம். வெளிநாட்டுக் கூட்டு என்றால் அதற்குத் தனிக் குழு. கோப்பு டெல்லி உத்யோக் பவனின் அறைகளில் மாதக்கணக்கில் நகரும். சில சமயம் நகராமலே கிடக்கும். அதன் பின்னால் அலைவதற்கென்றே பெரிய நிறுவனங்கள் டெல்லியில் ஆள் வைத்திருந்தன. சிறியவர்கள் ஊர் திரும்பினார்கள். இப்போது பெரும்பாலான துறைகளில் முன் அனுமதியே தேவையில்லை. பணம் வந்த பிறகு ரிசர்வ் வங்கிக்குத் தெரிவித்தால் போதும். அனுமதி தருவதற்கென்று இருந்த வாரியத்தையே 2017இல் கலைத்துவிட்டார்கள். அந்தக் கோப்புகளின் காலத்துக்காக யாரும் ஏங்க வேண்டியதில்லை.

1973இன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் பிடியை மேலும் இறுக்கியது. பெரும்பாலான வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும் என்றது. கோககோலா 1977இல் வெளியேறியது. ஐபிஎம் அடுத்த ஆண்டு. நாம் செய்த தவறுகளின் பட்டியலில் இந்த இரண்டையும் முதலில் வைப்பது வழக்கம். கோககோலாவைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. ஐபிஎம் விட்டுச் சென்ற கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்போ சிஎம்சி என்ற அரசு நிறுவனத்திடம் வந்தது. பழைய இயந்திரங்களைப் பழுது பார்த்துக் கைதேறிய அந்த நிறுவனம், 1980களின் நடுவில் டெல்லியில் ரயில் முன்பதிவைக் கணினிக்கு மாற்றியது. விடியற்காலையில் வரிசையில் நின்று, ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு கவுன்டர் தேடி அலைந்த தலைமுறைக்கு அதன் அருமை தெரியும்.

அதே சட்டம் இன்னொன்றும் செய்தது. வெளியேற மனமில்லாத நிறுவனங்கள் இந்தியப் பொதுமக்களுக்குப் பங்குகளை விற்றன. விலையை நிர்ணயித்தது அரசு அதிகாரி. அதுவும் குறைந்த விலை. நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் முதன்முதலாகப் பங்குப் பத்திரம் நுழைந்தது அப்படித்தான். 2024 அக்டோபரில் ஹூண்டாயின் இந்திய நிறுவனமும் பொதுமக்களுக்குப் பங்கு விற்றது. 1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து, 1998இல் சான்ட்ரோவை வெளியிட்ட அதே நிறுவனம். இம்முறை கட்டாயம் எதுவும் இல்லை. பங்கு ஒன்று 1,960 ரூபாய். மொத்தம் 27,870 கோடி. புதிய பங்கு எதுவும் வெளியிடப்படாததால் அந்தத் தொகை முழுவதும் கொரியத் தாய் நிறுவனத்துக்குப் போயிற்று. அதில் தவறு எதுவும் இல்லை, விதைத்தவர் அறுத்தார். ஆனாலும் முதலீடு என்பது வருவது மட்டுமன்று, போவதும்தான் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். 1991-92இல் நாட்டுக்கு வந்த அந்நிய நேரடி முதலீடு சுமார் 13 கோடி டாலர். 2024-25இல் வந்தது சுமார் 8,100 கோடி டாலர். வெளியே போனதையெல்லாம் கழித்தால் அந்த ஆண்டில் எஞ்சியது 100 கோடி டாலருக்கும் குறைவு.

தொழிற்சாலையை அழைப்பது ஒன்று. ஆராய்ச்சியை அழைப்பது வேறு. நிலமும் மின்சாரமும் கொடுத்தால் தொழிற்சாலை வரும். ஆராய்ச்சி ஆளைத் தேடித்தான் வரும். சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் 1963இல் பம்பாயின் கோரேகானில் மருந்தாராய்ச்சி நிலையம் ஒன்றைத் திறந்தது. அதன் தலைமைக்கு அவர்கள் தேடிப் பிடித்தவர் டி. ஆர். கோவிந்தாச்சாரி. சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர். அமெரிக்காவில் ஆய்வு முடித்துத் திரும்பி, மெரினாவுக்கு எதிரே இருக்கும் அந்த அரசுக் கல்லூரியில் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, நஞ்சறுப்பான் போன்ற நம்மூர்ச் செடிகளிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து அவற்றின் அமைப்பைக் கண்டு சொன்னவர். 1975 வரை கோரேகானில் இருந்தார். அந்த நிலையத்தின் ஆய்விலிருந்து மனச்சோர்வுக்கான சிண்டமில் உள்ளிட்ட புதிய மருந்துகள் பிறந்தன. ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் நிறுவனமும் பம்பாயின் முலுந்தில் ஆய்வு நிலையம் வைத்திருந்தது. உயிரணு ஆய்வில் உலகமெங்கும் பயன்படும் ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளை அங்கே இந்திய மூலிகை ஒன்றிலிருந்து கண்டெடுத்தார்கள்.

இந்த நிலையங்கள் நிலைக்கவில்லை. 1970இன் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது. அதனால்தான் நம் நிறுவனங்கள் மலிவு விலையில் மருந்து செய்யக் கற்றன. எச்ஐவி மருந்தின் விலையை உலகமெங்கும் இறக்கியதில் அந்தச் சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் புதிய மருந்து கண்டுபிடிக்கச் செலவு செய்யும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கே காரணம் குறைந்துகொண்டே போனது. சீபாவின் நிலையம் மூடப்பட்டது. ஹெக்ஸ்டின் நிலையம் 1998இல் இந்திய நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறியது. பொருளுக்கான காப்புரிமை 2005இல் திரும்பி வந்தது. அதற்குப் பிறகும், காசநோய் ஆய்வுக்குப் பெயர்பெற்ற ஆஸ்ட்ராஜெனிகாவின் பெங்களூர் ஆய்வகம் 2014இல் மூடப்பட்டது. சட்டத்தைத் திருத்தினால் மட்டும் ஆராய்ச்சி வந்து தங்கிவிடாது என்பதை அங்கே பார்த்தோம்.

வேறொரு வழியில் ஆராய்ச்சி வந்தது. 1985இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் சிப் வடிவமைப்பு மையம் தொடங்கியது. வீட்டுத் தொலைபேசிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அமெரிக்காவோடு கணினிகள் பேச வேண்டுமென்றால் தனிச் செயற்கைக்கோள் இணைப்பு வேண்டும். தனியார் நிறுவனத்துக்கு அதைத் தர அதுவரை விதியே இல்லை. அரசு விதியைத் தளர்த்தியது. அந்தத் தட்டு ஆன்டெனாவின் பாகங்கள் மாட்டுவண்டியில் வந்திறங்கியதைப் பெங்களூரில் இன்றும் சொல்வார்கள். அவர்களை அங்கே இழுத்தது அந்த ஊரின் குளிர்ச்சி மட்டும் இல்லை. இந்திய அறிவியல் கழகமும், ஐஐடிகளும், பொதுத்துறை நிறுவனங்களும் பல ஆண்டுகளாக உருவாக்கி வைத்திருந்த பொறியாளர்கள்தான்.

2024 கணக்குப்படி இப்படிப்பட்ட வெளிநாட்டு நிறுவனங்களின் திறன் மையங்கள் நாட்டில் 1,700க்கு மேல். வேலை செய்பவர்கள் 19 லட்சம் பேர். கார் என்ஜினும், மருந்துச் சோதனைக் கணக்கும், விமானப் பாகமும், வங்கி மென்பொருளும் தரமணியிலும் சிறுசேரியிலும் ஒயிட்ஃபீல்டிலும் கச்சிபவுலியிலும் வடிவம் பெறுகின்றன. முன்பு இந்த வேலைக்காக விமானம் ஏறியவர்கள் இன்று மாலையில் வீடு திரும்புகிறார்கள். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறார்கள். இதைச் சிறிய லாபம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அங்கே பிறக்கும் காப்புரிமை பெரும்பாலும் தாய் நிறுவனத்தின் பெயரில் பதிவாகிறது. எதை ஆராய்வது, எப்போது நிறுத்துவது என்பதும் தாய் நிறுவனத்தில்தான் முடிவாகிறது. பெரம்பூரில் கற்ற வித்தை பெரம்பூரிலேயே தங்கியது. திறன் மையத்தில் கற்ற வித்தை தனி மனிதரோடு போகிறது. அவர் வெளியே வந்து சொந்தத் தொழில் தொடங்கினால் நாட்டுக்கும் பங்கு கிடைக்கும், இல்லையென்றால் இல்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி தரமணியில் தெரிகிறது. 2010இல் திறந்த ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவில் இடம் கேட்கும் நிறுவனம் வாடகை கொடுத்தால் மட்டும் போதாது. ஐஐடியின் ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டும். அந்தக் கூட்டு வேலை புள்ளிகளாகக் கணக்கிடப்படுகிறது. 1949இன் நிபந்தனை, கோபமும் கோப்பும் இல்லாமல், இங்கே புது உருவில் வந்திருக்கிறது. நிபந்தனை வைத்ததால் யாரும் ஓடிவிடவில்லை. இடத்துக்குக் கேட்பு இருந்ததால் பூங்கா வளர்ந்திருக்கிறது.

ஆனால் அப்படி நிபந்தனை வைக்க, எதிரே உட்கார்ந்து பேசுகிறவரிடம் சரக்கு இருக்க வேண்டும். சீபா தேடிவந்த கோவிந்தாச்சாரியை உருவாக்கியது வரிச்சலுகை இல்லை, அரசுக் கல்லூரி ஆய்வகம். 2020-21 கணக்குப்படி இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம், சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இது 0.8ஐ ஒட்டி இருந்தது. ஹூண்டாயின் தாய்நாடான தென்கொரியா சுமார் 5 சதவீதம் செலவிடுகிறது. பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் இடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாக இருக்கின்றன. ஆய்வு மாணவர்களின் உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகிறது. முதலீட்டாளர் மாநாடுகளுக்குக் காட்டும் முனைப்பை இந்தக் காலியிடங்களை நிரப்புவதிலும் காட்டுங்கள் என்று அரசுகளிடம் நாம் உரக்கக் கேட்க வேண்டும்.